குழாய் வெடித்த இரவில் சாவி யாரிடம் இருந்தது?

கேள்வி: பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். உதகை காந்தலில் உள்ள எங்கள் வீட்டில் வாடகைக்கு இருந்தவர் டிசம்பர் 28 அன்று காலி செய்து, சாவியை எங்கள் தோட்டக்காரரிடம் கொடுத்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார். ‘சரி, நன்றி’ என்று பதில் போட்டேன். தோட்டத்துக் குழாயில் மாட்டிய ஹோஸை அவர் கழற்றவே இல்லை. ஜனவரி 4 இரவு உறைபனியில் குழாய் வெடித்து, காலையில் பனி இளகியதும் தண்ணீர் பெருகி மரத்தரை பாழாகிவிட்டது. செலவு ரூ.38,000. மகனைப் போல நடத்தினேன், முன்பணம் ரூ.45,000 கேட்டு மிரட்டுகிறார். வழக்குப் போடலாமா?

பதில்: அம்மா, பாசத்தையும் மிரட்டலையும் ஒதுக்கி வையுங்கள். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய சொற்கள் இரண்டுதான்: ‘சரி, நன்றி’. அந்தப் பதிலோடு வீடு உங்கள் கைக்கு வந்துவிட்டது. அன்று குழாய் முழுதாக இருந்தது. அடுத்த ஏழு இரவுகள் வீட்டைக் காக்க வேண்டியவர் நீங்கள்.

ஹோஸ் மாட்டியிருந்தால் தண்ணீர் வடிய வழியில்லை. உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருத்து இரும்பையே பிளந்துவிடும். உண்மைதான். ஆனால் உள்வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்துவிடத் தோட்டக்காரருக்கு ஐந்து நிமிடம் போதுமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். உங்களிடம் பதில் இல்லை.

‘குழாய்’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் விரல் நீள வெடிப்பு திருகுகுழாயில் இல்லை, சுவரை ஒட்டிய பைப்பில் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி திருகுகுழாயும் வாஷரும் மாற்றுவது வாடகைதாரர் பொறுப்பு. பைப் மாற்றுவது உங்கள் பொறுப்பு. அவருடைய அசட்டையால்தான் வெடித்தது என்று நிரூபித்தால் மட்டுமே அது மாறும்.

என் கட்சிக்காரர்கள் பலர் விழுந்த குழி இங்கேதான் இருக்கிறது. ஒப்பந்தம் பாளையங்கோட்டையில் எழுதியது. மார்கழியிலும் மின்விசிறி போடும் ஊரில் எழுதிய பத்திரத்தில் உறைபனி பற்றி ஒரு வரி எப்படி இருக்கும்? ஹோஸைக் கழற்றச் சொல்லி நீங்கள் ஒரு செய்திகூட அனுப்பவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்க்காமல் சாவியை வாங்கிக்கொண்டீர்கள். இதைவிட மோசமான ஒன்றும் நடக்கும்: பிளம்பர் பழைய பைப்பைக் காயலான் கடையில் போட்டுவிடுவார். அதோடு சாட்சியமும் போய்விடும். அந்தத் துண்டு இருந்தால் இன்றே வாங்கி வையுங்கள்.

கோபத்தில் முன்பணத்தை மொத்தமாக நிறுத்தி வைப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதியைத் திருப்பிவிட வேண்டும். ஜனவரி 28 தாண்டினால் புகார் கொடுக்கும் இடத்துக்கு அவர் வந்துவிடுவார். பதில் சொல்லும் இடத்துக்கு நீங்கள் போய்விடுவீர்கள். வீடு நீலகிரியில் இருப்பதால் விசாரணையும் அங்கேதான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நெல்லையிலிருந்து மலையேற வேண்டும்; ரூ.38,000-க்கு அது கட்டாது.

சமாதானமாகப் போங்கள். மின்கட்டண பாக்கி இருந்தால் கழித்துக்கொள்ளுங்கள். ஹோஸை விட்டுப்போனதற்காகச் செலவில் ஒரு பங்கை அவரே ஏற்கச் சம்மதித்தால் எழுதி வாங்குங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். மீதியை வங்கி வழியாக மட்டும் அனுப்பி, ‘இனி பாக்கி இல்லை’ என்று கையொப்பம் பெறுங்கள்.

அதற்கு முன், இன்றே தோட்டக்காரரை அழைத்து, மற்ற குழாய்களில் ஹோஸ் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உதகையில் பனிக்காலம் இன்னும் முடியவில்லை.