ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களில் கடற்கரைக் காட்சியோடு ஏன் கவிதையும் இருக்கிறது?

படத்தை விளக்க எழுதிய வரிகள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த படங்களில் நடந்தது நேர்மாறு. கவிதை பல நூறு ஆண்டுகளாக இருந்தது, ஓவியர் அதற்குப் பதில் சொல்கிறார்.

ஓவியர் ஹொகுசாய் 1835 வாக்கில் தொடங்கிய வரிசையைப் பாருங்கள். நூறு கவிஞர்கள், ஆளுக்கு ஒரு கவிதை என்று ஜப்பானியர்கள் மனப்பாடமாகவே வைத்திருக்கும் பழைய தொகுப்பு ஒன்று உண்டு. அதை ஒரு செவிலித்தாய் படம் காட்டி விளக்குவதாகத் தலைப்பு வைத்தார். 27 படங்கள்தான் அச்சேறின.

அதில் ஒன்று ஒனோ நோ தகமுராவின் கவிதைக்கு. 9ஆம் நூற்றாண்டில் ஓகி தீவுக்கு நாடு கடத்தப்பட்டவர் அவர். ‘தீவுகளை நோக்கிக் கடலில் புறப்பட்டுவிட்டேன் என்று ஊராரிடம் சொல்லுங்கள்’ என்று மீன்பிடிப் படகுகளிடம் கேட்கிறார். ஹொகுசாய் வரைந்ததோ கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்களையும், படகிலிருந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆண்களையும். சேதி கொண்டுபோக வேண்டியவர்கள் தங்கள் பாட்டில் இருக்கிறார்கள்! அந்தத் தனிமையை இதைவிட நன்றாகக் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பழைய நூறு கவிதைகளைத் தொகுத்தவரான தெய்காவின் கவிதையில், காற்று அடங்கிய மாலையில், மட்சுஹோ கரையில் உப்புக்காக எரிக்கும் கடற்பாசிபோல, வராத காதலனை எண்ணி ஒருத்தி வேகிறாள். படத்தில் அந்தக் காதலியைத் தேடாதீர்கள். உப்புக் காய்ச்சும் ஆட்களும் புகையும்தான் இருக்கும்.

எழுத்தும் கட்டையில் செதுக்கியதுதான். மெல்லிய தாளில் எழுதி, செர்ரிப் பலகையில் குப்புற ஒட்டி, எழுத்தைச் சுற்றியுள்ள மரத்தைக் குடைந்து எடுப்பார்கள். தூரிகையின் இழுப்பு அப்படியே வந்துவிடும்.

இன்னொரு ஓவியரான ஹிரோஷிகே விஷயம் வேறு. 1830களின் பிற்பகுதியில் வந்த அவருடைய எடோ (இன்றைய டோக்கியோ) சுற்றுவட்டார எட்டுக் காட்சிகள், கியோகா என்ற வேடிக்கைக் கவிதை எழுதும் குழு ஒன்று தனக்கென்று செய்யச் சொன்னவை. இன்று விமான நிலையம் இருக்கும் ஹனேடாவின் கடற்கரையும் அதில் உண்டு. முதல் பதிப்பில் ஒவ்வொரு படத்திலும் பல கவிதைகள். பொது விற்பனைக்கு வந்தபோது பதிப்பாளர் அவற்றைக் குறைத்துவிட்டார்.

சரி, எங்கே தொடங்குவது? ஹொகுசாயிடம்தான். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத் தளத்தில் அவருடைய இந்த வரிசைப் படங்கள் கிடைக்கும். கவிதையின் மொழிபெயர்ப்பை முதலில் படித்துவிட்டுப் படத்துக்குப் போங்கள்.