பனி இறங்கும் நேரத்தில் எப்பொக்சி பூசலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

காசல்ரீ நீர்த்தேக்கக் கரையிலுள்ள தோட்டமொன்றில் வசிக்கிறேன். கொழும்பில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய என்டர்பிரைஸ் வகைப் பாய்மரப் படகை வாங்கி, லொறியில் ஏற்றி வந்துவிட்டேன். அடிப்பலகையில் ஓரிடம் மெத்தென்று இருக்கிறது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் பளபளவென்றே உள்ளன. எப்பொக்சிப் பிசின் பூசி, ஜூலைக்குள் நீரில் இறக்கிவிடலாமா?

ஒரு வாசகர், நோர்வூட்

அன்புள்ள நண்பருக்கு,

படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட் 1956இல் வரைந்த அந்தப் படகு, மரவேலை பழகியவர் வீட்டிலேயே கட்டிக்கொள்ளத்தக்க பிளைவூட் படகு. ஆகவே பழுதுபார்ப்பதும் உங்கள் கைக்கு அடங்கும். ஆனால் குளிரும் ஈரமுமான ஜூலையில் வேண்டாம்.

எப்பொக்சியை இறுகவைக்க அதில் கலக்கும் ஹார்ட்னர், குளிரிலும் ஈரத்திலும், காற்றிலுள்ள நீராவியோடும் காபனீரொட்சைட்டோடும் சேர்ந்து மேற்பரப்பில் மெழுகுபோன்ற படலமொன்றைப் படரவிடும். பல ஆண்டுகளுக்கு முன் தலவாக்கலையில், மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில், அவசரப்பட்டு நானும் பூசினேன். காலையில் தொட்டால் சவர்க்காரம் தேய்த்ததுபோல் வழுக்கியது. அதன் மீதே பெயின்ட் அடித்தேன் (அந்த வயதில் எனக்கு யார் சொல்லியும் ஏறாது). இரண்டு மாதத்தில் அது வாழைச்சருகாய் உரிந்து வந்தது. அப்படலத்தை முதலில் வெறும் நீரால் தேய்த்துக் கழுவி, உலர்ந்த பின்பே உப்புத்தாள் போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் மெழுகு தாளில் அப்பிக்கொள்ளும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பதால், ஜனவரி முதல் மார்ச் வரையிலான வெயில் நாளொன்றில், முற்பகலிலேயே பூசி முடியுங்கள்.

மெத்தென்ற இடத்தைத் திருப்புளிப் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல பலகை கணீரென்னும், உளுத்தது தொப்பென்னும். கணீரென்னும் எல்லைவரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பலகை பொருத்துங்கள். உளுத்த மரத்தின் மேல் எத்தனை பூச்சுப் பூசினாலும் அது பிடிக்காது.

கம்பியின் பளபளப்பை நம்பாதீர்கள். துருப்பிடிக்காத எஃகு, ஒட்சிசன் புகாத இடத்தில், அதாவது கம்பி தன் முனையைக் கவ்விப் பிடிக்கும் குழாய்க்குள் நுழையும் இடத்தில்தான் அரிக்கும். கொழும்புக் கடலின் உப்பும் அங்கேயே தங்கியிருக்கலாம். கம்பியின் மேல் பஞ்சை மெல்ல இழுத்துச் செல்லுங்கள். அறுந்த இழை இருந்தால் அதில் மாட்டும். கம்பியில் முறுக்கியுள்ள 19 இழைகளில் ஒன்று அறுந்திருந்தாலும், இரு பக்கக் கம்பிகளுக்கும் வயது ஒன்றேயாகையால் இரண்டையும் மாற்றுங்கள். பழையவற்றை வீசுமுன், அவற்றை இறுக்கி நீட்டி, ஒரு முனைத் துளையிலிருந்து மறுமுனைத் துளைவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்; புதியவையும் அதே நீளத்தில் இருக்க வேண்டும்.