காட்டில் குதிரைக்கு என்ன வேலை?

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து, நின்டெண்டோவின் கையடக்க வீடியோ கேம் கருவியான கேம் பாய் அட்வான்ஸில் வந்த ‘ஃபயர் எம்பளம்’ (இரு தரப்பும் முறை வைத்து வீரர்களைக் கட்டம் கட்டமாக நகர்த்தும் போர் ஆட்டம்) பாணியில் சொந்தமாக ஒரு கதை ஆட்டம் செய்கிறோம். போர்க்கள மேப் போடுவது என் பொறுப்பு. 30-க்கு 30 கட்டத்தில் ஒன்று முடிக்க மூன்று வாரம் ஆனது. பார்த்தவர்கள் அழகு என்கிறார்கள், ஆடியவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். எங்கே தப்பு?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் ஆற்றங்கரை நாணல் பிரமாதம். ஆனால் அதற்குப் போன நேரத்தில் பாதியைக் கட்டம் எண்ணுவதற்குக் கொடுத்திருக்கலாம்.

அந்தக் கருவியின் திரை 240-க்கு 160 பிக்சல். ஒரு கட்டம் 16 பிக்சல் என்பதால், ஒரு நேரத்தில் கண்ணில் படுவது 15-க்கு 10 கட்டம்தான். உங்கள் மேப் அப்படி ஆறு திரை. கனத்த கவசம் போட்டவன் ஒரு முறைக்கு 4 கட்டம் நடப்பான், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக அவனுக்கு 8 முறை வேண்டும். முதல் எதிரியே இருபதாவது வரிசையில் நிற்கிறான். அதுவரை ஆடுகிறவர் என்ன செய்வார், நாணலைப் பார்த்துக்கொண்டிருப்பாரா?

அடுத்தது மரங்கள். இடம் காலியாகத் தெரிந்த இடத்திலெல்லாம் ஒரு மரம் நட்டிருக்கிறீர்கள். ஒரு முறைக்கு நடக்கக் குதிரைவீரனுக்கு 7 அடி (நகர்வுப் புள்ளி), காலாளுக்கு 5. காட்டுக் கட்டம் ஒன்றுக்குக் குதிரை 3 அடி கொடுக்க வேண்டும், காலாள் 2 கொடுத்தால் போதும். இரண்டு மரம் தாண்டியதும் இருவர் கையிலும் மிச்சம் ஒரே ஒரு அடி! அதாவது அடுத்தடுத்து இரண்டு மரம் வைத்தால் குதிரையும் காலாளும் ஒன்றாகிவிடுகிறார்கள். இதைத் தெரிந்து வைத்தால் அது வியூகம், தெரியாமல் வைத்தால் குதிரை நொண்டும். உங்கள் மேப்பில் நொண்டுகிறது.

நான் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் முதல் மேப்பில் கோட்டைக்கு ஒரே ஒரு கட்ட வாசல் வைத்து, தூணுக்கு நிழலெல்லாம் போட்டிருந்தேன். நண்பன் ஒரு கவசவீரனை அந்த வாசலில் நிறுத்திவிட்டு, முறையை முடிக்கும் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டே டீ குடித்தான். எதிரிகள் ஒவ்வொருவராக வந்து விழுந்தார்கள். டீ தீர்வதற்குள் அத்தியாயம் தீர்ந்தது. அப்புறம் வாசலை இரண்டு கட்டமாக்கி, பக்கத்தில் இடிக்கக்கூடிய ஒரு சுவரையும் வைத்தேன். அன்றிலிருந்து முதலில் கணக்கு நோட்டில் பென்சிலால் கட்டம், அதில் அடிக்கணக்கு. வண்ணம் எல்லாம் பிறகுதான்.

வண்ணத்திலும் ஒன்று. அந்த ஆட்டங்களில் நம் ஆள் நீலம், எதிரி சிவப்பு, உதவிக்கு வருகிறவன் பச்சை. உங்கள் புல் அடர்பச்சையாக இருப்பதால் உதவிக்கு வந்தவன் காணாமல் போகிறான். புல்லை வெளிறிய நிறமாக்குங்கள். முறை முடித்த ஆள் சாம்பல் நிறமாகிவிடுவான், ஆகவே கோட்டைக்குள் சாம்பல் கல் பாவுவதும் வேண்டாம். புல் கட்டத்தில் அந்த ஒற்றை மஞ்சள் பூவையும் எடுத்துவிடுங்கள். ஒரு கட்டத்தில் அழகுதான், நாற்பது கட்டத்தில் சேலை பார்டர் மாதிரி வரிசை கட்டுகிறது.

கேள்வி: மற்ற ரசிகர்கள் வரைந்த டைல்களை, அதாவது மேப்பின் கட்டங்களுக்கான படங்களை, எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வரைந்தவரைக் கேளுங்கள். சரி என்றால் ஆட்டத்தின் நன்றிப் பட்டியலில் அவர் பெயரைப் போடுங்கள். காசுக்கு மட்டும் விற்காதீர்கள், மூல ஆட்டம் நின்டெண்டோவுக்கும் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸுக்கும் சொந்தம். நாணல் நீங்களே வரைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். என் அடுத்த மேப்பில் ஓர் ஆறு வருகிறது. கொடுப்பீர்களா? பெயர் போட்டுவிடுகிறேன்.