அம்மாவின் புடவைகளைக் கொடுக்க மனம் வரவில்லை

இப்போதைக்கு ஒன்றையும் கொடுக்க வேண்டாம். ஆனால் பீரோவை இந்த வாரமே திறந்துவிடுங்கள்.

அம்மா போய் நான்கு மாதம், கொழிஞ்சாம்பாறை வீட்டில் அவருடைய பீரோ பூட்டியபடியே இருக்கிறது, கோயம்புத்தூர் தங்கை எல்லாவற்றையும் ஏதாவது ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாமே இருக்கணும், இல்லை எல்லாமே போகணும் என்று இருவரும் பேசுவதால்தான் முட்டி நிற்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு தட்டை மட்டும் இறக்கிப் பாருங்கள். எந்தப் புடவையை எந்த விசேஷத்துக்குக் கட்டினார் என்று சட்டென நினைவு வருகிறதோ, அது உங்களுக்கு. பெட்டி பிரிக்காத புடவைகளும் இருக்கும். கொடுக்க மனம் வரும்போது அவற்றை முதலில் அம்மாவை அறிந்தவர்களுக்குக் கொடுங்கள்: அத்தை, பக்கத்து வீட்டுச் சேச்சி. முந்தானையில் மஞ்சள் கறை இருந்தால் தயவுசெய்து துவைத்துவிடாதீர்கள். அந்த வாசனை ஒருமுறை போனால் போனதுதான்.

வைத்துக்கொள்வதைப் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்துப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். பட்டு ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த மடிப்பிலேயே இற்றுவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மடியுங்கள். எடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், பூஞ்சையும் பிடிக்கும்.

ஒன்று மட்டும். 6 மாதம் தாண்டியும் சாப்பாடு, தூக்கம், வேலை எதுவும் ஓடவில்லை என்றால் அது புடவை விஷயம் இல்லை, மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன்பே தாங்கமுடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள்.