ஃபேஸ் செலக்டர்: வீடு முழுக்கப் போடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் த்ரீ ஃபேஸ் இணைப்பு. அடிக்கடி ஒரு ஃபேஸ் போய் பாதி வீடு இருட்டாகிறது. மூன்று செலக்டர் போட்டால் எந்த ஃபேஸ் இருந்தாலும் வீடு முழுக்க ஓடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். போடலாமா?

பதில்: ஒன்று போடுங்கள், மூன்று வேண்டாம். லைட், ஃபேன், ஃப்ரிட்ஜ் லைனுக்கு மட்டும் போதும்.

செலக்டர் என்பது ஒரு திருப்பும் சுவிட்ச், ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸில் ஒன்றை உங்கள் லைனுக்குக் கொடுக்கும், அவ்வளவுதான். கரண்ட் கூடினால் தானாக அணையாது, அதற்குத் தனியாக எம்.சி.பி. வேண்டும். இதைவிட எனக்குப் பயம் நியூட்ரல்தான், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி. செலவை மிச்சம் பிடிக்க மூன்று ஃபேஸுக்கும் ஒரே நியூட்ரல் கம்பி இழுத்திருப்பார்கள். வெவ்வேறு ஃபேஸில் இருக்கும்வரை அதில் கரண்ட் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், எல்லாவற்றையும் ஒரே ஃபேஸுக்குத் திருப்பினால் மூன்றும் கூடிக்கொள்ளும், அந்தக் கம்பிக்கு எம்.சி.பி.யும் இருக்காது, சத்தமில்லாமல் சூடாகி வயரின் மேலுறை உருகும். வீட்டைப் பார்க்காமலே வயரிங் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கும்வரை இதையெல்லாம் யார் கண்டுபிடிப்பது?

போர் மோட்டார் த்ரீ ஃபேஸ் என்றால் அதைச் செலக்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். "தொட்டி நிரம்புகிற வரைக்கும் தானே" என்று இரண்டு முனைகளுக்கு ஒரே ஃபேஸைக் கொடுத்தால் அவற்றுக்கு நடுவே வோல்டேஜே இருக்காது, மோட்டார் உறுமும், சுற்றாது, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகும். ஸ்டார்ட்டரில் ப்ரிவென்டர் (ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி) இருக்கிறது என்பார்கள். அதை பைபாஸ் செய்துவைத்திருப்பதும் பெரும்பாலும் அதே ஆள்தான். கெபாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டார் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் அணைத்துவிட்டுத் திருப்புங்கள்.

கடையில் '63 ஆம்பியர்' என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். அது பெரும்பாலும் ஏசி-21 கணக்கு, அதாவது ஹீட்டர் மாதிரி சுமைக்கு உள்ள அளவு, மோட்டார் மாதிரி சுமைக்கு ஏசி-23 என்ற வரியைப் பாருங்கள், அங்கே எண் குறைவாக இருக்கலாம். கமிஷனுக்காக ஆட்டோமேட்டிக் செலக்டரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்: உள்ளே இன்டர்லாக் (இரண்டு ஃபேஸ் ஒரே நேரத்தில் சேராமல் தடுக்கும் பூட்டு) இல்லாமல் ஒரு கான்டாக்டர், அதாவது தானாக இயங்கும் சுவிட்ச், ஒட்டிக்கொண்டால் இரண்டு ஃபேஸும் நேருக்கு நேர் மோதும்.

சரி, ஒரே ஃபேஸ் திரும்பத் திரும்பப் போகிறதா? கம்பத்தில் ஜம்பர் (லைன்களை இணைக்கும் துண்டுக் கம்பி) தளர்ந்திருக்கலாம், எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் சொன்னால் முறுக்கிவிட்டுப் போவார்கள், மழை வந்ததும் மறுபடி போகும். ஒரு பல்பு பளிச்சென்றும் இன்னொன்று மங்கலாகவும் எரிந்தால் மட்டும் செலக்டரைத் தொடாதீர்கள், போனது நியூட்ரல். 230 வோல்ட் சாமானுக்கு 400 வரை ஏறலாம், உடனே மெயினை அணையுங்கள்.