டிங்கரிங் முடிந்ததும் வீல் சூடாகிறதா? மாஸ்டர் சிலிண்டர் வாங்க ஓடாதீர்கள்

உங்கள் டாடா 207-ல் கேபின் தரை துருப்பிடித்து ஓட்டையாகி, பெடல், ஸ்டியரிங் காலம் (ஸ்டியரிங்கிலிருந்து கீழே இறங்கும் தண்டு) எல்லாம் கழற்றித் தகடு வெல்டு வைத்துத் திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். இப்போது 10 கிலோமீட்டர் போனாலே முன் வீல் கொதிக்கிறது, நேரே போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது, பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்கிறார்கள், மாற்றட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். கழற்றும்வரை நன்றாக இருந்த சிலிண்டர் தரைக்கு வெல்டு வைத்ததால் கெடாது. இன்ஜினை அணைத்து, பிரேக்கை நாலைந்து முறை மிதித்துவிட்டு, பெடலைக் கையால் மெதுவாக அமுக்குங்கள். இறுக்கம் தட்டுவதற்கு முன் சில மில்லிமீட்டர் லேசாக இறங்கணும். அந்த ப்ளே இல்லையென்றால் பெடலிலிருந்து சிலிண்டரைத் தள்ளும் புஷ் ராடை நீளமாகப் பூட்டியிருக்கிறார்கள், இல்லை பிரேக் லைட் சுவிட்சை அதிகம் உள்ளே திருகியதில் பெடல் முழுதாக மேலே வரவில்லை. பிரேக் ஆயில் அதன் டேங்குக்குத் திரும்பும் சின்னத் துளை அப்போது மூடியே கிடக்கும், காலை எடுத்தாலும் பிரேக் விடாது. அரை மணி நேர வேலைக்கு ஆயிரக்கணக்கில் பார்ட்ஸ் விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, அதிலும் பாதி டூப்ளிகேட்.

ஸ்டியரிங்குக்கு வருவோம். வீல்களை நேரே வைத்து, வலது கடைசிவரை எத்தனை சுற்று, இடது கடைசிவரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். இரண்டும் சமமென்றால் ஸ்டியரிங் பாக்ஸ் (கீழே இருக்கும் கியர்ப் பெட்டி) சரியாக இருக்கிறது, மேலே ஷாஃப்டின் பல் மாற்றிப் பூட்டிவிட்டார்கள், அங்கேயே கழற்றித் திருத்தச் சொல்லுங்கள். அலைன்மெண்ட் கடையில் வீலைத் திருப்பும் ஸ்டியரிங் ராடைத் திருகிச் சரிசெய்யச் சம்மதிக்காதீர்கள், பாக்ஸ் நடுவை விட்டு விலகிவிடும். ஒரே ஒரு விதிவிலக்கு: பல் சரியாக உட்கார்ந்த பிறகும் லேசான கோணல், அதாவது இந்தப் பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் வருகிற அளவுக்குத்தான் மிச்சம், எந்தப் பல்லில் போட்டாலும் தீராது என்றால் மட்டும் ராடில் கை வைக்கலாம், அதுவும் சுற்றை மறுபடி எண்ணிப் பார்த்துத்தான்.

எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) வருகிறது, புரோக்கர் பார்த்துக்கொள்வார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி, ஆனால் பெயிண்டும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் பார்க்கிற அக்கறையில் கால்வாசிகூட பெடலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பதில் இல்லை. நீங்களே குனிந்து பாருங்கள். ஸ்டியரிங் காலம் ஜாயிண்டின் போல்ட், ஷாஃப்டில் இருக்கும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கணும், பிடித்து இழுத்தால் ஜாயிண்ட் நகரவே கூடாது. பெடலையும் புஷ் ராடையும் இணைக்கும் பின் கழன்றுவிடாமல் பிடிக்கிற ஸ்பிலிட் பின்னைப் புதிதாகப் போடுங்கள், பழசை நிமிர்த்திப் போட்டால் ஒடியும். இது இரண்டும் சரியாகும்வரை வண்டியை ஷெட்டை விட்டு எடுக்காதீர்கள்.