தென்னை மூட்டுச் சாம்பலும் நாட்டுக்கோழி முட்டையும்

கேள்வி: வீட்டில் பிளாஸ்டிக்கே கூடாது என்று முடிவெடுத்து ஆறாயிரம் ரூபாய்க்குக் கண்ணாடி டப்பா, மூங்கில் தட்டு எல்லாம் ஆன்லைனில் வாங்கினேன். பழைய டப்பா, தண்ணீர் டியூப், மேசை விரிப்பு எல்லாவற்றையும், மாமி தன் மகள் வீட்டுக்குப் போயிருந்த நாளில் தென்னை மூட்டில் (மரத்தடியில்) போட்டு எரித்துவிட்டேன். அதிலிருந்து மாமி என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போட்டு மானத்தை வாங்குகிறார். ஓலைப்பெட்டி முடைந்து வீடெல்லாம் குப்பை. பிள்ளைகளுக்கு (8, 11 வயது) வீட்டு நாட்டுக்கோழி முட்டைதான் கொடுக்கிறேன். ஆனால் எந்நேரமும் போன். அவர்களை வீட்டு வேலையில் ஈடுபடுத்த என்ன வழி?
- வாசகி, தக்கலை

பதில்: போனைப் பிறகு பார்ப்போம். தென்னை மூட்டை ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள், கோழி முட்டையை வேறொரு வரியில். இரண்டையும் சேர்த்துப் படித்துப் பார்த்தீர்களா? அவிழ்த்துவிட்ட கோழி எங்கே போய்க் கிளறும்? சாம்பல் கிடக்கிற இடத்தில்தான். புழுதியில் புரளுவதும் அங்கேதான்.

தண்ணீர் டியூப், வழவழப்பான மேசை விரிப்பு இரண்டும் பெரும்பாலும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் வகை. அதில் குளோரின் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மூட்டும் அரைகுறைத் தீயில் அது எரிந்தால் டையாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாகும். டையாக்சின் தண்ணீரில் கரைந்து போகாது, கொழுப்பில் போய்த் தங்கும். கோழி கொத்துகிற மண்ணிலிருந்து மஞ்சள் கருவுக்கு வந்து சேரும். டப்பாவிலிருந்து சோற்றில் ஏதாவது இறங்குமோ என்று பயந்த நீங்கள், அதைவிடக் கொடியதை முட்டைக்குள் வரவழைத்துவிட்டீர்கள். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது திடக்கழிவு விதிகளின்படி தடைசெய்யப்பட்டதும்கூட.

அடுத்த மழைக்கு முன் அந்த இடத்தைச் சுத்தம் செய்யுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. சாம்பல் அரித்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போக நாளாகாது. காய்ந்த சாம்பலைப் பெருக்காதீர்கள், பறந்து மூக்கில் ஏறும். தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மேல்மண்ணையும் இரண்டு மூன்று அங்குலம் மண்வெட்டியால் சேர்த்து அள்ளிச் சாக்கில் கட்டுங்கள். குப்பை எடுக்க வருகிறவரிடம் இன்னது என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். சாம்பல்தானே என்று தென்னைக்கு உரமாகவோ கீரைக்குத் தூவவோ பாத்திரம் தேய்க்கவோ எடுக்கக் கூடாது. அதற்கெல்லாம் வெறும் விறகுச் சாம்பல்தான். அந்த இடத்தைச் சுற்றி வலை கட்டிக் கோழியைத் தள்ளி வையுங்கள். கொழுப்பில் சேர்ந்தது முட்டை வழியாக வெளியேற வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில்கூட ஆகும். அதுவரை பிள்ளைகளுக்குக் கடை முட்டை போதும்.

இனி மாமி. அவர் இல்லாத நாள் பார்த்து எரித்தீர்களே, அது ஏன்? இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று தெரிந்துதானே? அவர் சேர்த்து வைத்ததை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அழித்திருக்கிறீர்கள். பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறையாது. இன்றைக்கே கேளுங்கள்.

மானத்தை வாங்குகிறது என்கிறீர்களே, அந்தப் பால் கவர் வேலைதான் உங்கள் வீட்டில் நடக்கிற ஒரே சரியான பிளாஸ்டிக் வேலை. கழுவிக் காயவைத்த கவரைத்தான் பழைய பொருள் வியாபாரி எடுப்பார். பால் ஒட்டி நாறினால் தொடமாட்டார். ஒன்று மட்டும் மாமியிடம் சொல்லுங்கள்: மூலையை வெட்டும்போது துண்டாக்கிவிடாமல் கவரோடு ஒட்டியிருக்க விட வேண்டும். அந்தச் சின்னத் துணுக்குதான் ஓடையில் போய்ச் சேருகிறது.

ஆறாயிரம் ரூபாய்ச் சாமானில் மூங்கில் தட்டை எடுத்துப் பாருங்கள். அச்சில் வார்த்ததுபோல் வழவழவென்று, கலர் கலராக இருக்கிறதா? அப்படியானால் அது மூங்கில் தூளை மெலமின் பிசினில் (அதுவும் ஒருவகை பிளாஸ்டிக்தான்) கலந்து செய்ததாக இருக்கலாம். அதில் சூடாகப் புளி போட்ட மீன்குழம்பை ஊற்றினால் மெலமினும் ஃபார்மால்டிஹைடும் சாப்பாட்டில் இறங்கும். எவர்சில்வர் தட்டுக்கு என்ன குறை வந்தது?

சூடு, எண்ணெய், புளிப்பு: இந்த மூன்றும் படுகிற இடத்தில்தான் பிளாஸ்டிக்கை முதலில் மாற்ற வேண்டும். பள்ளிக்கூடச் சோற்றுக்கு எவர்சில்வர் டப்பா, ஊறுகாய்க்குப் பரணி (பீங்கான் ஜாடி), தேங்காயெண்ணெய்க்குக் கண்ணாடிக் குப்பி. அரிசி, பயறு போட்டு வைத்த டப்பா ஏதாவது மிச்சமிருந்தால் கீறல் விழும் வரை இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். அதற்கான ஆசிரியை ஓலைப்பெட்டியோடு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் அதைக் குப்பை என்கிறீர்கள். பனங்குருத்தோலையை இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, மூத்த பிள்ளை ஈர்க்கு கிழிக்கட்டும். ஈர்க்கு கொஞ்சம் தங்கினாலும் முடைந்தது நெளியும். அரை அங்குல அகலத்தில் ஒரே சீராகக் கீறிக்கொடுக்கும் கத்தி வேலை மாமியுடையது. தண்ணீர் தெளித்து ஈரத் துவர்த்தில் (துண்டில்) அரைமணி நேரம் சுற்றி வைக்க வேண்டும். காய்ந்தபடி மடக்கினால் கீறும். இளையது முதலில் நெடுக்கே ஆறு, குறுக்கே ஆறு வைத்துச் சின்னத் தடுக்கு முடையட்டும். முடைந்த அன்றே ஓரத்தை மடக்கிவிடாதீர்கள். ஈரம் போனதும் ஓலை சுருங்கி இடைவெளி விழும். மறுநாள் ஒவ்வொரு இழையாக இழுத்து இறுக்கிய பிறகே ஓரம். மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காமலிருக்க விறகடுப்புக்கு மேலே தொங்கவிடலாம்.

விடுமுறை நாளில் பொதிச்சோறு கட்டச் சொல்லிக்கொடுங்கள். வாழையிலையின் அடிப்பக்கத்தைத் தணலில் காட்டிப் பளபளப்பு வரும்வரை வாட்ட வேண்டும். வாட்டாத இலை நரம்போடு கிழிந்து குழம்பு ஒழுகும். வாழைநாரை நனைத்துக் கட்டினால் அறாது. அந்த நேரம் உங்கள் போனும் அலமாரியில் இருக்கட்டும்.

உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. சந்தையிலிருந்து மீனைக் கறுப்புக் கவரில் தூக்கிவருகிறவர் அவர்தான் என்றால், மூடி போட்ட எவர்சில்வர் தூக்கை நாளைக் காலையில் அவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.